கீழே விழும் கோது

உதுமாலெவ்வை மூன்று துவக்குகளைக்
கொண்டுவந்து மேசையில் கிடத்தினார்,
பழைய பேப்பர் விரித்து, பாரை மீன் கிடத்துவதுபோல.
மூன்றின் பிடியும் இவர் பக்கம் இருந்தது.

காணி என்னுடையது.
தம்பலகாமத்தில் ஐந்து ஏக்கர், சீதனம்.
கச்சேரிப் பத்திரத்தில் என் பெயர்தான்,
பயிர்க்காவலுக்கு என்று சீல் குத்தியிருந்தது.
எடுத்து விரித்தேன்.
"ஓ, தங்கச்சிக்கா" என்றார்.
சிரிக்கவில்லை. அதனால் எழுந்து போகாமல் இருந்தேன்.

இறக்குமதி நின்று இரண்டு வருடம்.
புதுத் துவக்கு திருகோணமலை முழுக்கத் தேடினாலும் இல்லை.
யாரோ ஒருவர் விட்டுப்போனது,
யாரோ ஒருவர் அடகு வைத்து மீட்காதது,
அவ்வளவுதான்.

முதலாவது டொக்யார்ட் துரையின் சாமான்.
கட்டையில் எண்ணெய் மினுங்கியது.
"எழுநூறு" என்றார்.
இவர் கூரைத் தகட்டை எண்ணத் தொடங்கினார்.

என் முந்தானையில் முந்நூற்றி எண்பது ரூபா,
பெரும்போக நெல் விற்ற காசு,
அதில் உரக்கடன் போனது போக.

இரண்டாவது மலிவு. பாரமும் குறைவு.
விடியற்காலை வரம்பில் மூன்று மைல் தூக்கி நடக்கலாம்.
இவருக்குப் பிடித்துவிட்டது.
"பம்ப் பண்ணிப் பார், வெண்ணெய்மாதிரி" என்றார்.
இடத் தோளில் வைத்தேன்.
முன்கட்டையை இழுத்தேன்.
உள்ளே போட்டிருந்த வெற்றுக் கோது
வலப்பக்கத்து வாயால் துள்ளி
என் கண்ணுக்கு முன்னால் குறுக்கே பறந்தது,
ஒரு தும்பிபோல.

சோறு வலக்கை.
எழுத்து வலக்கை, அது பிரம்பு பழக்கியது.
குறிபார்க்கிற கண்ணை மட்டும்
அடித்து மாற்ற ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"இடதுகையா?" உதுமாலெவ்வை
பீடியை அணைத்தார். மூன்றாவதைத் தள்ளினார்.
பிடி வெடித்து, செப்புக்கம்பி சுற்றியிருந்தது.
குழாயின் நீலம் தேய்ந்து
வெறும் இரும்பு தெரிந்தது.
பக்கத்தில் வாயே இல்லை.
அடியால் தோட்டா தின்று
அடியாலேயே கோதைத் துப்பும்.
இழுத்தேன்.
கோது என் காலடியில் விழுந்தது.
மறுபடி போட்டு, மறுபடி இழுத்தேன்.
மூன்றாம் தடவை இவர் குனிந்து பொறுக்கித் தந்தார்.

"கம்பி சுற்றினதுக்கு இவ்வளவா?"
"கம்பிக்கு இல்லை தங்கச்சி, குழாய்க்கு."
"சிறகிக்கு முன்னால் பிடி உடைந்தால்?"
"சிறகி சிரிக்கும், நான் திருத்தித் தருவேன்."
முந்நூற்றிப் பத்தில் நின்றது.
மிச்சத்துக்கு ஆறாம் நம்பர் சன்னத் தோட்டா ஒரு பெட்டி,
இரண்டு தேநீர், பஸ் காசு.
சாக்கில் சுற்றிய துவக்கை
கண்டக்டர் மண்வெட்டி என்று நினைத்து
ஆசனத்துக்குக் கீழே உதைத்தான்.

விதைத்து மூன்றாம் நாள்.
இருட்டிலேயே கேட்டது, சீழ்க்கை.
நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம்,
முளைகட்டிய நெல்லை
வரிசையாகச் சப்பிக்கொண்டு வந்தன.
வரம்புக்குப் பின்னால் முழங்காலிட்டு
முன்கட்டையை இழுத்தேன்.
சடக், சடக்.
அவ்வளவுக்கே வயல் முழுதும் எழும்பிப் போனது.
ஒரு தோட்டாவும் செலவில்லை.
இவருக்குச் சந்தோஷம்.
எனக்கு ஏமாற்றம், சொல்லவில்லை.

நாலு விடியல் அந்தச் சத்தமே போதுமாயிருந்தது.
ஐந்தாம் விடியல் அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தன.

அப்போதுதான் சுட்டேன்.
முதலாவது தவறியது. தோள் எரிந்தது.
இரண்டாவதுக்கு ஒன்று மடிந்து
வாய்க்காலில் விழுந்த சத்தம்
வெடிக்குப் பிறகு, தாமதமாக, சின்னதாகக் கேட்டது.

பகல் கறியில் சன்னம் ஒன்று
இவர் பல்லில் பட்டது.
துப்பி, கோப்பை விளிம்பில் வைத்தார்.
வரம்படிச் சேற்றில் இரண்டு கோது கிடந்தது.
பொறுக்கப் போகும்போது
ஒன்றுக்குள் ஏற்கனவே தண்ணீர் நிறைந்திருந்தது.